ஐம்பதாவது எஞ்சின்

2008-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் ஒரு நீராவி எஞ்சின், பயணிகள் நிறைந்த பெட்டிகளை முதன்முறையாக இழுத்துக்கொண்டு புறப்பட்டது. அதன் பெயர் டொர்னாடோ, எண் 60163. உடலெங்கும் அடிப்பூச்சின் சாம்பல் நிறம். பச்சை வர்ணம் சோதனை ஓட்டங்களெல்லாம் முடிந்த பிறகே தீட்டப்பட்டது. புதுமணப்பெண்ணைப் பட்டுடுத்தும் முன்னரே ஊர்வலம் அழைத்துச் சென்றாற் போன்ற அந்தக் காட்சியைக் காணத் திரண்டவர்களில், அந்த எஞ்சினின் ஏதோ ஓர் ஆணிக்கேனும் தம் கைப்பணம் தந்தவர்கள் பலர் இருந்தனர்.

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நீராவி எஞ்சின் புதுமையன்று. வேளாங்கண்ணித் திருவிழாவுக்காக நாகப்பட்டினம் வரை ரயிலில் சென்ற குடும்பங்கள், சன்னலோரப் பிள்ளையின் கண்ணில் விழுந்த கரித்தூளைத் தாய் முந்தானை நுனியால் எடுத்த கதையை இன்றும் சொல்வதுண்டு. போய் இறங்கும்போது வெள்ளைச் சட்டை வெள்ளையாக இராது. டீசல் எஞ்சின் வந்தபோது நாம் எவரும் பழையதற்காகக் கண்ணீர் வடிக்கவில்லை. சட்டை அழுக்காகவில்லை என்று மகிழ்ந்தோம். ஆகவே, ஒழிந்துபோன எஞ்சின் ஒன்றை ஏறத்தாழ முப்பது இலட்சம் பவுண்டு செலவில் மீண்டும் செய்தார்கள் என்று கேட்டால், வேலையற்றோர் வேலை என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. அப்படிச் சொல்லிவிடும் முன், அவர்கள் அதனைச் செய்த விதத்தைக் கேட்பது நன்று.

ஆர்தர் பெப்பர்கார்ன் என்னும் பொறியாளர் வடிவமைத்த ஏ-1 வகை எஞ்சின்கள் 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் டான்காஸ்டர், டார்லிங்டன் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டன. மொத்தம் 49. லண்டனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே விரைவு வண்டிகளை அவை இழுத்தன. இருபது ஆண்டுகூட உழைக்கவில்லை. அதற்குள் டீசல் யுகம் வந்துவிட்டது. 1966-இல் கடைசி எஞ்சினும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அதனைக் காப்பாற்ற நடந்த முயற்சி கைகூடவில்லை. வேறு வகை எஞ்சின்கள் சில அருங்காட்சியகங்களில் பிழைத்திருக்க, இவ்வகையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1990-இல் ஒரு சிலர் கூடி, ‘ஒன்றும் மிஞ்சவில்லையாயின் புதிதாகச் செய்வோம்’ என்று துணிந்தனர். பழையதன் நகலாக அன்று, 49-க்கு அடுத்த ஐம்பதாவது எஞ்சினாகவே அதனைக் கருதினர். எண்ணையும் அவ்வரிசையின் தொடர்ச்சியாகவே இட்டனர். இந்த எண்ணத்தை நாம் மிகவும் வியக்கிறோம். அறுந்த நூலை அறுந்த இடத்திலேயே முடிச்சிட முனைந்தனர் அல்லரோ!

பணம் எங்கிருந்து வந்தது? தொழில் நிறுவனங்களும் உதவின. ஆயினும் அடித்தளம் சாதாரண மக்களின் சந்தாவே. வாரம் ஒன்றுக்கு ஒரு பவுண்டு 25 பென்ஸ் தருமாறு கேட்டனர். அன்று அவ்வூரில் ஒரு குவளை பீரின் விலை அது. (வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம், குடிக்கும் பணம் இரும்பாக மாறியது நல்லதுதானே!) ஆண்டுக்கு 65 பவுண்டு. பெருந்தொகையைக் கேட்டிருந்தால் ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்திருப்பர். வாரக் கணக்கில் கொடுத்தவர் வாரந்தோறும் நினைத்திருப்பர். பதினெட்டு ஆண்டுகள் சிறிய காலமன்று. முதல் தவணை கட்டிய அனைவரும் முடிவைக் கண்டிருப்பர் என்று எவரும் சொல்ல இயலாது. நம் வீடுகளில் மூன்று ஆண்டுச் சீட்டுக்கே எத்தனை பேர் பொறுமையிழக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தோம்.

பழைய வரைபடங்கள் யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றிப் புதிதாக வரைந்துகொண்டனர். 1994-இல் சட்டகத்துக்கான எஃகுத் தகடுகள் வெட்டப்பட்டன. ஆறடி எட்டு அங்குல விட்டமுள்ள இயக்குச் சக்கரங்கள் வார்க்கப்பட்டன, ஆளுயரத்தைவிட அதிகம்! பாகங்களை ஒன்றுசேர்க்க டார்லிங்டனில் 1853-இல் கட்டப்பட்ட ரயில்பெட்டித் தொழிற்கூடம் ஒன்று இடமளித்தது.

பெருந்தடை கொதிகலனில் வந்தது. நீராவி யுகத்தைத் தொடங்கி உலகுக்கே எஞ்சின் விற்ற நாட்டில், அவ்வளவு பெரிய கொதிகலனைச் செய்யத்தக்க தொழிற்சாலை அப்போது இல்லை! ஒரு கைத்தொழிலைச் செய்வோர் ஓய்ந்துவிட்டால் அது எவ்வளவு விரைவில் மறைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. இறுதியில் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனை அதனைச் செய்து தந்தது. கிழக்கு ஜெர்மனியில் நீராவி வண்டிகள் நெடுங்காலம் ஓடியதால் அங்கே அக்கலை பிழைத்திருந்தது. பழைய கொதிகலன்கள் தறையாணி அடித்து இணைக்கப்பட்டவை. இது பற்றவைத்துச் செய்யப்பட்டது. 2006-இல் டார்லிங்டன் வந்து சேர்ந்தது.

2008 ஜனவரியில் அக்கொதிகலனில் முதன்முதலாகத் தீ மூட்டியவர் ஒரு மூதாட்டியார்: டோரத்தி மேதர் அம்மையார். பெப்பர்கார்னின் துணைவியாராக இருந்தவர் அவர். கணவர் 1951-இலேயே காலமானார். அவர் வடிவமைத்த 49 எஞ்சின்களும் பிறந்ததையும் இரும்புக் கடைக்குப் போனதையும் அறிந்த அம்மையார், ஐம்பதாவதன் அடுப்பில் தம் கையால் நெருப்பிட்டார். இந்த வரலாறு முழுவதிலும் நம் மனம் திரும்பத் திரும்பச் சென்று நிற்பது இந்த இடத்தில்தான். ஒரு பெண் தம் கணவரின் உழைப்பு அழிவதைக் காண்பது உலகில் நடப்பதே. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அது மீண்டும் மூச்சு விடுவதைக் காணும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்? அம்மையார் 2015-இல் மறைந்தார்.

ஆகஸ்டு மாதம் எஞ்சின் சாலை வழியே லஃப்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்குள்ள கிரேட் சென்ட்ரல் பாதையும் 1969-இல் மூடப்பட்டுத் தொண்டர்களால் மீட்கப்பட்ட ஒன்றே. லெஸ்டர் வரை ஏறத்தாழ எட்டு மைல் நீளம். இத்தகைய பாரம்பரியப் பாதைகளில் வழக்கமாக மணிக்கு 25 மைலுக்கு மேல் செல்லலாகாது. ஆனால் இப்பாதை இரட்டைத் தண்டவாளம் உடையது. சோதனைக்காக 60 மைல் வரை ஓட்டவும் இடமுண்டு. செப்டம்பரில் பயணிகளை ஏற்றிய டொர்னாடோ, அடுத்த ஆண்டு ஜனவரி 31-இல் யார்க்கிலிருந்து நியூகாசிலுக்குப் பெரும்பாதையிலேயே பயணிகளுடன் ஓடியது.

நம் நாட்டிலும் இத்தகைய பணி நிகழாமல் இல்லை. நீலகிரி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் புதிதாகவே செய்யப்பட்டுள்ளன. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைக்கும் குடும்பங்களை அறிந்த நமக்கு அது பெருமையே. ஆயினும் பொன்மலையில் ரயில்வே நிர்வாகம் பொறுப்பேற்றது. டார்லிங்டனில் பொறுப்பேற்றவர்கள் சந்தா கட்டியவர்களே.

அந்த எஞ்சின் வெறும் காட்சிப் பொருளாக நிற்கவில்லை. 2009 டிசம்பரில் கென்ட் பகுதியில் பனி உறைந்து மின்ரயில்கள் நின்றபோது, அவ்வழியே சென்ற டொர்னாடோ நிலையங்களில் தவித்த பயணிகளைத் தன் பெட்டிகளில் ஏற்றிச் சென்றது. 2017 ஏப்ரலில் மணிக்கு நூறு மைல் வேகம் எட்டியது. அடுத்த ஆண்டே வேகமாய்ச் செல்கையில் வால்வுகளை இயக்கும் பாகங்கள் முறிந்து நடுவழியில் நின்றது. பழுது பார்க்க மாதங்கள் ஆயின. மீண்டும் பணம் திரட்டினர்; மீண்டும் ஓட்டினர்.

2014-இல் அதே அறக்கட்டளையினர் வேறொரு சட்டகத்துக்கு எஃகுத் தகடு வெட்டினர். பி-2 வகை எஞ்சின். முன்னர் செய்யப்பட்டவை ஆறு, எதுவும் எஞ்சவில்லை. ஏழாவதற்கு இவர்கள் கேட்ட சந்தா மாதம் 10 பவுண்டு. இடைக்காலத்தில் அந்தக் குவளையின் விலை இருமடங்காகிவிட்டிருந்தது.