நாவில் உண்டு, நெடுங்கணக்கில் இல்லை

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மொத்த மரக்கறி வாங்க வரும் தமிழ் வியாபாரிக்குப் பேரம் படியாதபோது இரண்டு சிங்களச் சொற்கள் காதில் விழும். ஒன்றின் பொருள் 'இல்லை', மற்றதன் பொருள் 'ஏலாது'. நே, பே என்று எழுதலாம். நா, பா என்றும் எழுதலாம். எப்படி எழுதினாலும் பிழைதான். வாய் ஆகாரத்துக்குத் திறக்க, நாக்கு ஏகாரத்துக்குப் போல முன்னே வரவேண்டும்.

அங்கே மூடை மூடையாக இறங்கும் கரட்டுக்கும் இதே சிக்கல். இலங்கைத் தமிழர் 'கரட்' என்பார்கள், சென்னைக்காரர் 'கேரட்' என்பார்கள். சிங்களவருக்கு அந்த ஒலிக்கென்றே குறிலும் நெடிலுமாகத் தனி எழுத்துகள் உண்டு. கெக்கிராவை, கேகாலை என்று எகர ஏகாரத்தின் பக்கம் சாய்கிற தமிழ்ப் பெயர்ப் பலகை, ஹட்டனில் மட்டும் அகரத்துக்குத் தாவிவிடுகிறது. சிங்களத்தில் மூன்று ஊர்களுக்கும் முதலெழுத்தில் இந்த உயிர்தான்.

இந்த உயிர் பிறந்த விதத்தைச் சொற்களே காட்டுகின்றன. பாளியில் கண் 'அக்கி', எலும்பு 'அட்டி', யானை 'ஹத்தி'. சிங்களத்தில் இவற்றோடு உறவுடைய மூன்று சொற்களும் இந்த உயிரில் தொடங்குகின்றன. பின்னால் நின்ற இகரம் முன்னால் நின்ற அகரத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, தான் மறைந்துபோயிற்று. 1938இல் சிங்கள இலக்கணம் எழுதிய ஜெர்மானியர் வில்ஹெல்ம் கைகருக்கு இது புதிதல்ல. அவர் தாய்மொழியில் 'காஸ்ட்' என்ற விருந்தாளி, பலரானால் 'கெஸ்டெ' ஆவதும் இதே இழுப்பினால்தான்.

வேடிக்கை, 13ஆம் நூற்றாண்டின் 'சிதத் சங்கராவ'வில் இருக்கிறது. சிங்களத்தின் அந்தப் பழைய இலக்கண நூல் எழுத்துகள் முப்பது என்று கணக்குச் சொல்கிறது: உயிர் பத்து, மெய் இருபது. அந்தப் பத்தில் இந்த உயிர் இல்லை. நூலின் சொந்த வாக்கியங்களிலேயே அது தாராளமாக நடமாடுகிறது. தம்புள்ளைக்குப் பக்கத்துச் சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் ஓவியப் பெண்களைப் பார்த்து மயங்கியவர்கள், நூல் எழுதப்படுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அந்த உயிரைப் பாட்டுகளில் கீறிவிட்டிருந்தார்கள். அவற்றில் 685 பாட்டுகளைத் தொல்லியலாளர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். இலக்கணக்காரர் முன்மாதிரியாகக் கொள்ளக்கூடிய வடமொழி, பாளி, தமிழ் நெடுங்கணக்குகள் எதிலும் அந்த உயிர் கிடையாது. காதைவிட ஏட்டை நம்பினார் போலும்.

ஏட்டில் ஏறாத உயிர் வேறிடங்களிலும் உலவுகிறது. தெலுங்கர் ஆட்டை 'மேக' என்று எழுதி, சொல்லும்போது இந்த உயிரைப் போடுகிறார்கள். வங்காளியின் 'ஏக்' கூட அப்படித்தான். பின்லாந்துக்காரர் அகரத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். மராத்தியர் 'பேங்க்', 'பேட்' போன்ற ஆங்கிலச் சொற்களுக்காகப் பிறைக்குறி போட்டார்கள். தமிழர் எதுவும் போடவில்லை. ஆனாலும் 'பேங்க்' என்பதை 'பேய்' போல வாசிப்பவர் ஒருவரும் இல்லை.