குளிர்கடலும் எங்கள் ஊர் ஏரியும்

கடல் கண்ணுக்கெட்டாத ஊர் எங்கள் ஏனாத்தூர். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் உத்திரமேரூர் வட்டாரத்தினர் நாங்கள். எனினும் கடல்மீன் இன்றி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் நிறைவதில்லை. சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து அன்னக்கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருவரே எங்களுக்கும் வங்கக் கடலுக்குமான தொடர்பு.

ஒருமுறை அவரிடம், கையளவு வஞ்சிரம் கிடைத்தால் மலிவாகக் கொண்டுவரலாமே என்றோம். "அது குஞ்சு கண்ணு. நெத்திலி சின்னதா இருந்தாலும் முட்டை வுட்ட மீனு. இது இன்னும் ஒரு தபாகூட முட்டை வுடல. இத தின்னுட்டா, நாளைக்கி எத கூடையில வச்சி எடுத்தாருவேன்?" என்றார். நூல்கள் பல கற்றதாக எண்ணியிருந்த நாங்கள் மறுமொழியின்றி நின்றோம். மீன்வள மேலாண்மை என்னும் பெரிய துறையின் சாரம் அந்த நான்கு வாக்கியங்களில் அடங்கியிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

உலகம் இந்தப் பாடத்தைக் கற்றது வடக்கின் குளிர்கடலில். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியில் சுமார் ஐந்நூறு ஆண்டுகளாகக் காட் மீனைப் பிடித்து வந்தனர். 1968இல் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தனர். 1980களில், மீன் சிறுத்து வருகிறது, குறைந்து வருகிறது என்று கரையோரச் சிறுபடகினர் முறையிட்டனர். அறிஞர்களின் கணக்கோ வேறு விதமாக இருந்தது. பெருங்கப்பல்களின் வலையில் மீன் குறையாமல் விழுந்துகொண்டிருந்ததே அதற்குக் காரணம். எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் திரண்டிருந்தன. ஒலியலைக் கருவிகள் அந்தத் திரளைத் தேடிக் கண்டுபிடித்தன. கடல் வற்றிக்கொண்டிருந்தபோதும் வலை நிறைந்தே வந்தது. 1992 ஜூலை 2 அன்று காட் மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பை இழந்தனர். இரண்டாண்டுத் தடை என்றே முதலில் அறிவித்தார்கள். அது முறைப்படி விலக்கப்பட்டது 2024இல்தான்.

குளிர்கடலில் உயிர்கள் மெல்லவே வளர்கின்றன. அங்கே காட் மீன் இனப்பெருக்கப் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, அழித்ததை மீட்பதற்கு ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படுகிறது. மறுபுறம், அங்கு இனங்கள் குறைவு. ஒவ்வொன்றும் பெருந்திரளாக வாழ்கிறது. இந்த இனத்தில் இத்தனை டன் மட்டுமே என ஆண்டுதோறும் வரம்பிடுவது அங்கே இயலும். நார்வே அவ்வாறே செய்கிறது. பிடித்த காட் மீனைக் கடலில் வீசி எறிவதையும் 1987இல் அந்நாடு தடை செய்தது. எறிந்த மீன் எந்தக் கணக்கிலும் ஏறாது அல்லவா?

நம் கடலின் இயல்பு வேறு. ஒரே வலையில் சங்கரா, காரப்பொடி, இறால், கணவாய், நண்டு எனப் பல இனங்கள் கலந்து விழுகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் வரம்பிட்டால் வலைக்கு அது தெரியுமா? எனவே இங்கே, இனத்தைக் கணக்கிடுவதைவிடக் காலத்தை ஒதுக்குவதே முதன்மையான வழியாயிற்று. தமிழகக் கிழக்குக் கரையில் 2001 முதல் 45 நாட்களாக இருந்த தடைக்காலம், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாக நீண்டது. விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் அந்நாட்களில் கரையில் நிற்கும்.

இந்த இழுவை மடியும் ஒரு வகையில் குளிர்கடலோடு தொடர்புடையதே. 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம், 1953 முதல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் விசைப்படகுகளை அறிமுகம் செய்தது. பின்னர் இறால் ஏற்றுமதி பெருக, இழுவை மடி தென்னாட்டுக் கரைகளெங்கும் பரவியது. படகு முதலில் வந்தது. கட்டுப்பாடு பின்தங்கி வந்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல்தான் இயற்றப்பட்டது.

இவற்றையெல்லாம் படித்தபோது எங்கள் சொந்தக் குற்றமும் நினைவுக்கு வந்தது. சிறுவயதில், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது, நீரை எதிர்த்து ஏறும் சினைமீன்களைக் கூடை வைத்துப் பிடித்தோம். விரால் தன் செந்நிறக் குஞ்சுத் திரளைக் காத்து நீந்தும். குஞ்சுகள் தென்பட்ட இடத்தில் தூண்டில் போட்டால் தாய் சிக்கும் என்பது எங்கள் அன்றைய சாமர்த்தியம். காப்பாரற்ற குஞ்சுகள் என்னவாயின என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இன்று எங்கள் ஏரியில் பெரும்பாலும் குத்தகைக்காரர் விடும் கெண்டையும் ஜிலேபியுமே கிடைக்கின்றன. விரால் அகப்பட்டால் அது ஊர்ச் செய்தியாகிவிடுகிறது.

இத்தனைக்கும், பொதுச் சொத்தைப் பேணுவது எப்படி என்று கல்லில் எழுதி வைத்த மண் இது. உத்திரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மீண்டும் இடமில்லை. எடுத்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். நியூஃபவுண்ட்லாந்தில் பிழைத்தது இந்தக் கணக்குத்தான். கப்பல் காட்டிய கணக்கு ஏட்டில் ஏறியது. சிறுபடகினர் காட்டிய கணக்கு ஏறவில்லை.

அப்படியானால், கூடையில் வரும் மீனின் நீளம் ஆண்டுக்காண்டு குறைவதைக் கையாலேயே அளந்தறிந்த எங்கள் மீன்கார அம்மாளின் கணக்கு எந்த ஏட்டில் ஏறும்? உண்பவர்களாகிய நாங்கள் யாரிடம் கணக்குக் காட்டுவது?

விடை எங்களிடம் இல்லை. ஒன்று மட்டும் செய்கிறோம். தடைக்காலத்தில் கருவாட்டுக் குழம்போடு நிறைவு கொள்கிறோம். மற்ற நாட்களில் குஞ்சு மீன் கேட்பதில்லை. சென்ற ஆண்டு ஜூன் பிற்பாதியில் அவர் மீண்டும் வந்தபோது, விலை கேட்கும் முன் மீனின் அளவைக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினார். முழங்கையளவுகூட இல்லை. "இன்னும் வளந்திருக்கணும்," என்றார் அவரே.