செயலின்மையும் சாத்வீக எதிர்ப்பும்

செயலற்றிருப்போனும் சாத்வீக எதிர்ப்பில் ஈடுபடுவோனும் புறத்தோற்றத்தில் ஒருவர்போலவே காணப்படுவர். இருவரும் ஆயுதம் ஏந்துவதில்லை. அடிபடினும் திருப்பி அடிப்பதில்லை. ஆயின், ஒருவனது அமைதி ஆட்சியாளரின் கருமம் தடையின்றி நடைபெற இடமளிக்கின்றது. மற்றவனது அமைதி அதனைத் தடுத்து நிறுத்த முனைகின்றது. இவ்வேறுபாட்டை உணராதோர் அகிம்சையைக் கோழைமை என்பர். உணர்ந்தும் மறைப்போர் தம் கோழைமைக்கு அகிம்சை எனப் பெயர் சூட்டுவர்.

1906இல் திரான்சுவாலில் இந்தியரைக் கைவிரல் அடையாளத்துடன் பதிவுசெய்யும் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் இயக்கம் தொடங்கினார். அதற்கு முதலில் வழங்கிய ஆங்கிலப் பெயர் வலுவற்றோரின் கருவி என்ற கருத்தைத் தந்தமையால், அதனை விடுத்துச் சத்தியாக்கிரகம் என்னும் பெயரைத் தெரிந்துகொண்டார். அவ்வியக்கத்தின் முழு வலுவும் 1913இலேயே வெளிப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர் மீதான 3 பவுண் வரியை நீக்கக் கோரி நேற்றால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்களுள் தமிழர் பலர். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. 1914இல் வரி நீக்கப்பட்டது. அரசின் மனம் இளகியமை மட்டுமே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. அத்தொழிலாளரின் உழைப்பின்றிச் சுரங்கமும் தோட்டமும் இயங்கமாட்டா என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

ஈழத்தின் அனுபவமோ வேறு. தனிச் சிங்களச் சட்டத்தின் நடைமுறையை எதிர்த்து, 1961 பெப்ரவரி 20ஆம் நாள் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. மறியலிருந்தோர் பொலிசாரின் தடியடிக்கும் அசைந்திலர். வடக்குக் கிழக்கின் ஏனைய கச்சேரிகளுக்கும் பரவிய அவ்வியக்கம் ஏறத்தாழ இரு மாதங்கள் நிருவாகத்தை முடக்கியது. ஏப்பிரலில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது, தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர், இராணுவம் மறியலை அகற்றியது. அமர்ந்திருந்தோரிடம் துணிவுக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும், முடங்கிய அலுவலகங்கள் அவர்தம் மாவட்டங்களுக்கே உரியவை; தலைநகரின் அன்றாட வாழ்வு தடைப்படவில்லை.

பின்னைய தலைமுறையினருட் பலர் இதனைக் கண்டு அகிம்சையே தோற்றது என முடிவுகட்டினர். அவர்கள் நாடிய ஆயுதவழியும் 2009இல் பேரழிவோடு முடிவுற்றது. இவ்விரண்டுக்கும் இடையில் ஆராயப்படாது நின்ற வினா ஒன்றுண்டு: அநீதி இழைப்போன் நம்மிடமிருந்து பெறுவது யாது, அதனைத் தர மறுத்தால் அவன் எங்ஙனம் இயங்குவான்? துன்பத்தை ஏற்கும் மனவுறுதியோடு இவ்வினாவுக்கான விடையும் சேரும்போதே சாத்வீக எதிர்ப்பு அரசியல் வலுப் பெறுகின்றது. அவ்வினாவை எழுப்பவே அஞ்சி வாளாவிருப்போரின் அமைதி, எத்துணைத் தூய சொற்களாற் போர்த்தப்படினும், செயலின்மையே ஆகும்.