கன்வேயர் பெல்ட்டும் மூணு பைத்தான் லைப்ரரியும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு பைத்தான் எதுக்குன்னு கேக்காதீங்க. டேலி போதும்னு வீட்லயே சொல்லியாச்சு!

விஷயம் இதுதான். 2023 டிசம்பர்ல எண்ணூர்ல எண்ணெய்க் கசிவு, அதே மாசக் கடைசியில அமோனியா கசிவு. அதுக்கப்புறம் எங்க பக்கத்து ஊர்களைப் பத்தி தமிழ் விக்கிபீடியாவுல யார் என்ன மாத்துறாங்கன்னு பார்க்கணும்னு ஒரு ஆசை. வெளியூர்க்காரங்க எங்களைத் தெரிஞ்சுக்கிறது அங்கதானே? ஒரு வரி மாறினாலும் உடனே தெரியணும்.

இதுக்குன்னே விக்கிமீடியா இலவசமா 'ஈவென்ட்ஸ்ட்ரீம்ஸ்' வெச்சிருக்காங்க. எல்லா மொழித் திருத்தங்களும் வந்துகிட்டே இருக்கும், முடிவே கிடையாது. அதனால முழுசா டவுன்லோட் பண்ணிட்டு அப்புறம் படிக்கலாம்ங்கிற கதையே நடக்காது. எங்க அத்திப்பட்டுல அனல்மின் நிலையத்துக்குத் துறைமுகத்துலேர்ந்து நிலக்கரி கன்வேயர் பெல்ட்ல வருதே, அந்த மாதிரி. வர வர எடுத்துக்கணும்.

இதுக்கு எந்த லைப்ரரி? கூகிள்ல தேடினா எல்லாரும் வேகத்தைத்தான் ஒப்பிடுறாங்க. நமக்கு வேகம் எதுக்குங்க? என் நெட் மொபைல் ஹாட்ஸ்பாட். கும்மிடிப்பூண்டி ட்ரெயின்ல உட்கார்ந்தா சிக்னல் வரும், போகும். சிக்னல் போனா லைப்ரரி என்ன பண்ணும்ங்கிறதுதான் கேள்வி.

2011லேர்ந்து எல்லாரும் பயன்படுத்துற 'ரிக்வெஸ்ட்ஸ்' ரொம்ப எளிமை. ஸ்ட்ரீம்=ட்ரூ போட்டா போதும். ஆனா டைம்அவுட் நாம சொல்லலைன்னா அதுக்கு டைம்அவுட்டே கிடையாது. சிக்னல் செத்தாலும் அது பாட்டுக்குக் காத்துகிட்டே இருக்கும், எர்ரரும் வராது. 'ஏஐஓஎச்டிடிபி' நேர் எதிர். மொத்தக் கோரிக்கைக்கும் சேர்த்து 5 நிமிஷம்னு அதுவே வெச்சிருக்கு, ஓடிகிட்டிருக்கிற ஸ்ட்ரீமையும் வெட்டிடும். மாத்திக்கலாம், ஆனா தெரிஞ்சிருக்கணும். 'எச்டிடிபிஎக்ஸ்' 5 விநாடி ஒண்ணுமே வரலைன்னா எர்ரர் கொடுக்கும். எனக்கு இதுதான் பிடிச்சுது. 30 விநாடின்னு மாத்திகிட்டேன்.

இன்னொரு காரணம் தமிழ். யுடிஎஃப்-8ல ஒரு 'அ' 3 பைட், 'கி' 6 பைட் (க தனி, கொக்கி தனி). 1024 பைட்டாத் துண்டு போட்டா 3ஆல வகுபடாது, 341 எழுத்து போக ஒரு பைட் மிச்சம். அந்தத் துண்டை அப்படியே டீகோட் பண்ணினா எர்ரர். இங்கிலீஷ்காரங்களுக்கு எழுத்துக்கு ஒரு பைட்டுங்கிறதால இந்தத் தலைவலியே தெரியாது! எச்டிடிபிஎக்ஸ்ல வரிவரியா வாங்கினா, வெட்டுப்பட்ட எழுத்தை அடுத்த துண்டு வர்ற வரை அதுவே கையில வெச்சிருக்கும். சர்வர் எந்த எழுத்துமுறைன்னு சொல்லாத டெக்ஸ்ட்டை ரிக்வெஸ்ட்ஸ் லத்தீன்னு எடுத்துக்கும், எச்டிடிபிஎக்ஸ் யுடிஎஃப்-8ன்னு எடுத்துக்கும். தமிழுக்கு எது வசதின்னு சொல்லவே வேணாம்.

ஆனா எதை எடுத்தாலும் ஒரு வேலை நம்ம தலையிலதான். சிக்னல் நல்லா இருந்தாலும் 15 நிமிஷத்துல விக்கிமீடியாவே கனெக்‌ஷனைத் துண்டிச்சிடும். அதனால ஒவ்வொரு திருத்தத்தோடயும் வர்ற ஐடியை, பேரேட்டுல பதியிற மாதிரி, ஒரு ஃபைல்ல எழுதிகிட்டே போறேன். திரும்ப கனெக்ட் ஆகும்போது கடைசி ஐடியை 'லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி' ஹெடர்ல அனுப்பினா, விட்ட இடத்துலேர்ந்து தர்றாங்க. ட்ரெயின் மீஞ்சூர் தாண்டினப்புறம் கனெக்ட் ஆனாலும் நடுவுல வந்த திருத்தம் கைக்கு வந்துடுது.