ஈ மொய்க்கும், வண்டு விழும்

பூச்சி ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டால் அதைச் சொல்ல நமக்கு ஒரு வார்த்தை போதாது. அரிசியில் வண்டு விழும். கத்தரிக்காயில் புழு வைக்கும். கதவு நிலையைக் கரையான் அரிக்கும். லாட்ஜ் மெத்தையில் மூட்டைப்பூச்சி மண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் திருவண்ணாமலையில் காதில் விழுவது மட்டும் ஒரே சொல்: ‘மொய்க்குது!’

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், அன்னதானம் நடந்த இடங்களில் தொன்னைகள் குவிந்து கிடக்கும். ஒட்டியிருக்கும் சாம்பார் சாதமே தெரியாத அளவுக்கு ஈ. பக்கத்தில் கால் வைத்தால் கும்பலாக எழும்பி, மறுபடி அங்கேயே உட்காரும்.

வீட்டு ஈ ஒரே ஈட்டில் நூறு முட்டைக்குமேல் இடும். நம் ஊர் வெயிலுக்குப் பத்து நாளில் முட்டை பறக்கும் ஈயாகிவிடும். அடுத்த பௌர்ணமிக்கு 29 நாள் சொச்சம். அதற்குள் இரண்டு தலைமுறை தாராளம்.

இலை போட்டு அழைப்பது நாம்தான். சாப்பிடுகிறவர்கள் தொன்னையைத் தொட்டியில் போடுங்கள். அன்னதானம் செய்கிறவர்கள் பந்தலைப் பிரிக்கும் முன் குப்பையை அள்ளிவிட்டுக் கிளம்புங்கள். புண்ணியக் கணக்கில் அதுவும் சேரும்.