பாட்டி வீட்டு பிலிப்ஸுக்குப் பச்சைக் கண்!

போனில் தொட்ட உடனே பாட்டு வந்துவிடுகிறது. வால்வு ரேடியோவில் அது நடக்காது. சுவிட்சைப் போட்டுவிட்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் இழை சூடேறி, எலெக்ட்ரான்கள் கிளம்பினால்தான் சத்தம். "அதுக்குள்ள உங்க தாத்தா ஒரு டீ ஆத்திடுவாரு" என்பார் பாட்டி.

ஆம்பூரில் பாட்டி வைத்திருப்பது 1950-களின் மேஜை ரேடியோ. நெதர்லாந்தின் ஐந்தோவனில் 1891-ல் பல்பு செய்யத் தொடங்கி, 1927-ல் ரேடியோவுக்கு வந்த பிலிப்ஸ் கம்பெனியுடையது. பின்பக்க அட்டையில் 'மேட் இன் ஹாலந்து'. டயலில் ஹில்வர்சம், லக்ஸம்பர்க் என்று நாம் கேட்டறியாத ஊர்கள். தோல் ஏற்றுமதி செய்த முதலாளி வீட்டில் இருந்தது. அவர் டிரான்சிஸ்டருக்கு மாறியபோது, தோல் ஷாப்பில் ஊறல் தொட்டியில் நின்ற தாத்தாவுக்குக் கொடுத்தார். சும்மா இல்லை, வாரச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதான்! அதற்கு முன்பு வரை தாத்தா அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டவர்.

இப்போது 4,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்கிறார். பெட்டி மட்டும் போதுமாம். உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்து விற்பாராம். அப்பாவுக்குச் சம்மதம். எனக்கு வயிறு எரிந்தது.

வேலூரில் 70 வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். "நேரா கரன்ட்ல சொருகிடாத பாப்பா" என்று ஆரம்பித்தார். பழைய கெப்பாசிட்டர்கள் ஒழுகும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் அவுட்புட் வால்வும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்தே போய்விடும். அதனால் முதலில் சீரிஸில் ஒரு குண்டு பல்பு. தார் பூசிய கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வால்வுகளின் பெயரைப் பிரித்துச் சொன்னார். ஈ.எல்.84-ல் 'ஈ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட். 'எல்' என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு. 8 என்றால் ஒன்பது கால். பெயரிலேயே ஜாதகம்!

ஈ.எம்.80-தான் மேஜிக் ஐ. ஸ்டேஷன் சரியாகச் சிக்கினால் பச்சை வெளிச்சம் விரியும்.

முள்ளை நகர்த்தியதும் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை ஸ்டேஷன் கணீரென்று வந்தது. பாட்டி ஷார்ட்வேவில் சிலோனைத் தேடினார், இரைச்சல்தான். 1952-ல் அமைச்சரான கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு சுருங்கியது. 1957-ல் விவித் பாரதி வரும்வரை ஊரே சிலோனைத்தான் தேடியது. அந்தப் பழக்கம் பாட்டியின் விரலில் இன்னும் இருக்கிறது.

பின் அட்டையைத் திரும்ப மாட்டும்போது, உள்பக்கம் ஒட்டியிருந்த சின்னப் புத்தகத்தை மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார். ரேடியோ லைசென்ஸ். அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். தாத்தா ஒரு வருஷம்கூட விடவில்லை, வரிசையாக முத்திரைகள். முழுப் பெயர், தகப்பனார் பெயர், தெரு. ரேஷன் கார்டு தவிர, தாத்தா பெயரில் எங்களிடம் இருக்கும் ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான்.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். சாயங்காலம் வியாபாரிக்கு அவரே போன் போட்டார்.

பச்சைக் கண் மட்டும் மங்கலாக இருக்கிறது. உள்பூச்சு தேய்ந்துவிட்டதாம், மாற்றத்தான் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் ஈ.எம்.80 ஏதாவது கிடந்தால் சொல்லுங்கள்.