உறையைப் பார்த்துக் கதை சொல்வோர்

வைஃபைக்குக் கடவுச்சொல் போட்டாயிற்று, இனி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று இளம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உள்ளிருக்கும் செய்தி பூட்டப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் எந்தக் கருவி எந்த ரவுட்டரோடு கதைக்கிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதெல்லாம் கடித உறையின் மேல் எழுதிய விலாசம்போல வெளியே தெரியும். அதைப் பிடித்துக் காட்டத்தான் வயர்ஷார்க் போன்ற மென்பொருள்கள்.

எங்கள் திருகோணமலைக்கு இந்த வித்தை புதிதல்ல. 1942இல், போரில் சிங்கப்பூர் யப்பானியரிடம் கைவிட்டுப்போகும் தறுவாயில், பிரித்தானியக் கடற்படையின் ஒட்டுக்கேட்கும் பிரிவு கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. யப்பானியரின் சங்கேதம் அவர்களுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபட்ட துண்டுகளை வைத்து, ஏப்ரல் 1 அளவில் இலங்கை தாக்கப்படும் என்று சொன்னார்கள். பிரித்தானியக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் சோமர்வில் கடலில் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. கப்பல்களுக்கு எண்ணெயும் தண்ணீரும் வேண்டும் அல்லவா, மாலைதீவின் அட்டுத் தீவுக்கூட்டத்துக்குப் போனார். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியை எங்கள் துறைமுகத்துக்கு அனுப்பினார். 5ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி எங்கள் முறை. எச்சரிக்கை கிடைத்து முதல்நாளிரவே துறைமுகத்தைவிட்டு வெளியேறிய ஹேர்மிஸ், மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

ஒட்டுக்கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் சொன்ன ஆபத்து வந்தது, நாள்தான் பிசகியது. சொன்ன நாளில் வராததை, வரவே வராது என்று எடுத்துக்கொண்ட மனம்தான் ஏமாந்தது.

வைஃபைக்கு வருவோம். சொந்த வீட்டு வைஃபையின் உறையைப் பார்ப்பதில் பிழையில்லை. அடுத்த வீட்டாருடையதில் காது வைத்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் கதவைத் தட்டும். என் பயமெல்லாம் சொந்த வீட்டில் அதே மனம் ஏமாறுவதைப் பற்றித்தான். இரவு இரண்டு மணிக்கு மகளின் போனிலிருந்து தரவு பெருகி ஓடுவதைத் திரையில் கண்டு, விடியுமுன்னமே தீர்ப்பெழுதிவிடும் தகப்பன்மார் இருக்கிறார்கள். சார்ஜரில் கிடந்த போன் தன்பாட்டில் படங்களைக் கூகிளுக்கு ஏற்றியிருக்கும். இப்போதைய போன்கள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டுவதால், வீட்டுப் போனே முன்பின் தெரியாத யாரோ வந்து இணைந்ததுபோலவும் தோன்றும். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், காலைத் தேத்தண்ணி ஆறுமுன்னம் விசயம் முடிந்திருக்கும்.